மருதோண்டிக் கோனும் கார் பட்டன்களும்

காரின் உள் பட்டன்களில் கறுப்புப் பூச்சு உரிகிறதென்று என் கணவர் சாண்ட் பேப்பரை எடுத்துத் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் ஃபேன், அம்புக்குறி என்று எல்லா அடையாளங்களும் பூச்சோடு போய், வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்தான் மிஞ்சியது. அதன்மேல் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, உள்ளே லைட் எரிந்தும் வெளிச்சம் வரவில்லையே என்று முழித்தார்.

"வழிய அடைச்சிப்போட்டு வெளிச்சம் எங்க எண்டு கேக்கிறீங்க!" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் என் கை துறுதுறுத்தது. பெருநாளுக்குப் பெருநாள் மாவடிப்பள்ளியிலிருந்துகூடப் பெண்கள் தேடி வந்து மருதோண்டி போட்டுக்கொள்ளும் கை இது.

அடித்த கறுப்பை அவரையே தேய்த்தெடுக்க வைத்தேன். மருதோண்டிக் கோனில் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையை நிரப்பி, போனில் இருந்த பட்டன்களின் பழைய படத்தைப் பார்த்து ஒவ்வொரு பட்டனிலும் அடையாளத்தை வரைந்தேன். பசை காய்ந்ததும் அவர் மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். பிறகு ஊசி முனையால் பசையை மட்டும் உரித்தெடுத்தேன்.

பட்டப்பகல். வெளிச்சம் புகாமல், நெல் காயப்போடும் தார்ப்பாய்ப் படங்கால் காரை மூடி, இருவரும் உள்ளே புகுந்து லைட்டைப் போட்டோம். யா அல்லாஹ்! அத்தனையும் எரிந்தன! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் மதிலுக்கு வந்துவிட்டார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். "இதென்ன புள்ள, ஃபேனுக்கு இலை முளைச்சிரிக்கி?"

கைப் பழக்கத்தில் ஒரு கொடியையும் இழுத்துவிட்டிருக்கிறேன். அதுவும் பளிச்சென்று எரிந்தது.

அவர் கை சாண்ட் பேப்பரைத் தேடியது.

"தொட்டுத்தான் பாருங்க" என்றேன்.