அண்ணி வாய் மூடிய மாதம்

எங்கள் பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கியில் "இரண்டாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இப்போது புறப்படும்" என்று கேட்கும் குரல் என் அண்ணியுடையது. வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஏழாவது நாளாவது ஓய்வா என்றால், அன்றைக்குத்தான் அவர் தொண்டைக்கு முழு வேலை. சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு அவர், சாயங்கால ஜெபக்கூட்டமும் அவர்தான். நடுவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போனில் ஜெபம். சபையில் அவருக்கு வைத்த பேர் மைக்கக்கா. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற எனக்கு அவர் குரல் கேட்காமல் பொழுது விடிந்ததில்லை.

ஒரு நாள் அறிவிப்பின் பாதியில் அந்தக் குரல் கரகரத்து நின்றுபோனது. தொண்டை டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். குரல் நாணில் வீக்கம் என்றார். "ஒரு மாசம் வாயே திறக்கக்கூடாது. இல்லேன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் பாட முடியுமான்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணிக்கு முகம் செத்துப்போனது. பாட்டு இல்லாத அண்ணியை அண்ணிக்கே தெரியாது.

நிலையத்தில் மருத்துவ விடுப்பு கொடுத்துவிட்டார்கள். வீட்டிலும் அண்ணி கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் கிசுகிசுத்தார். அண்ணனைக் கிசுகிசுத்தே திட்டினார். போனில் கிசுகிசுவென்று ஜெபம் பண்ணினார். பாத்திரம் துலக்கும்போது ரகசியமாகப் பாட்டு வேறு. மறுபடி காட்டப் போனால் வீக்கம் கூடியிருந்தது.

"பேசுனீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"சத்தியமா இல்ல டாக்டர், கிசுகிசுத்தேன், அவ்ளோதான்," என்று அங்கேயும் கிசுகிசுத்தார் அண்ணி.

"கிசுகிசுத்தா தொண்டைக்கு இன்னும் கஷ்டம்மா! சும்மா இருக்கவே உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து அழுதார். "நான் சும்மா இருந்தா, ஆண்டவருக்கு நான் எதுக்குடி?" அதையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் அண்ணி, ஆண்டவர் என்ன உங்க பஸ் ஸ்டாண்ட் மேனேஜரா, லீவு கேட்டா முறைக்கிறதுக்கு? உலகத்தைப் படைச்சவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தார். நீங்க என்ன அவரைவிட பிஸியா?"

அண்ணி ஏதோ சொல்ல வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்துதான் உண்மையாக மூடினார்.

அந்த ஞாயிறு அவரைக் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாடகர் குழுத் தலைவர் பாட்டை எட்டாத சுருதியில் எடுத்துத் தொலைத்தார். மேலே போகப் போக சபையே கழுத்தை நீட்டிக்கொண்டு தவித்தது. அண்ணியின் விரல்கள் முன் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தன. எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் பாட்டு எப்படியோ தட்டுத்தடுமாறி முடிந்தது. கூரை இடிந்து விழவில்லை. அண்ணி மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிரசங்கத்தின் நடுவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. எனக்கு மானம் போயிற்று. முழங்கையால் இடிக்கப் போனேன். மேடையில் நின்ற போதகர் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு பேச்சை நிறுத்தாமல் குரலை மட்டும் இறக்கிக்கொண்டார். அண்ணி ஆசீர்வாதம் வரைக்கும் தூங்கினார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நான் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை.

மாதம் முடிந்தது. டாக்டரம்மா தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்து, "சுத்தமா வடிஞ்சிருச்சு. 'ஆ'ன்னு ஒரு தடவை பாடுங்க," என்றார். அண்ணி பாடினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அந்த 'ஆ' கணீரென்று போனது. நான் குழந்தை மாதிரி கை தட்டினேன்.

சபைக்குச் செய்தி போகாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு வாசலிலேயே பாடகர் குழுத் தலைவர் பிடித்துக்கொண்டார். "மைக்கக்கா, விட்டதையெல்லாம் பிடிக்கணும். பாட்டு, வகுப்பு, சாயங்காலக் கூட்டம், எல்லாம் பழையபடி உங்களோடதுதான்."

அண்ணிக்கு மறுத்துப் பழக்கமே கிடையாது.

"பாட்டு மட்டும்," என்றார் அண்ணி. "ஆராதனை முடிஞ்சதும் மறுநாள் காலைவரைக்கும் நான் ஆண்டவரோட சும்மா இருக்கப் போறேன். மத்ததுக்கு ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாடினார். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

மத்தியானம் அண்ணி சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் படுத்திருந்தார். போன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எடுத்தேன்.

"அண்ணி ஓய்வுல இருக்காங்க."

"ஐயையோ, மறுபடி உடம்பு சரியில்லையா?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு," என்றேன். "அதான் ஓய்வுல இருக்காங்க."