தாய்மாமன் மடியும் முதல் ஆல்பமும்

இரண்டே உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஒரு ரசிகர் மன்றம் எங்கள் குடும்பத்தில் நடந்தது. ஒருவர் என் மாமா. அம்மாவின் தம்பி. கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இன்னொருவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் திருவாதவூரில் இருந்துகொண்டு, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டியில் சுற்றுப்பட்டு ஊர்களின் காய்கறிகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

இருவரும் உயிரையே வைத்திருந்தது சென்னையில் இருந்த ஒரு தமிழ் ராக் குழுவின் மீது. நான்கு தாடிக்காரர்கள். இவர்கள் இருவருக்கும் மீசை முளைக்காத காலத்திலேயே பாட வந்தவர்கள், எனக்கு எட்டு வயது ஆனபோது ஆறு ஆல்பம் போட்டு முடித்திருந்தார்கள். சினிமாவில் பாடியதில்லை. அதனாலேயே எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர்களைப் பாடகர்கள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவும் சித்தப்பாவும் மட்டும், ஏதோ பங்காளிகளைச் சொல்வதுபோல, அவர்களை 'நம்மாளுக' என்பார்கள்.

மன்றத்துக்கு இருந்த ஒரே வேலை சண்டை போடுவது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கத்தரிக்காயும் முருங்கைக்காயுமாக எங்கள் வீட்டில் வந்து இறங்குவார். வண்டிச் சத்தம் கேட்டதும் மாமா பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். காப்பி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும். நம்மாளுக போட்டதில் முதல் இரண்டு ஆல்பம்தான் ஆல்பம், மூன்றாவதில் வயலின் வந்தது, நான்காவதில் கோரஸ் பெண்கள் வந்தார்கள், ஆறாவதில் காதல் பாட்டு வந்து அது ஊரில் உள்ள எல்லா செல்போனிலும் ரிங்டோனாக அலறுகிறது, இதைவிட அவர்கள் சேமியா விளம்பரத்துக்குப் போயிருக்கலாம் என்பது மாமாவின் கட்சி. ஊருக்கே பந்தி போட ஆரம்பித்தால் ரசத்தில் தண்ணீர் கூடத்தான் செய்யும் என்பார். பத்துப் பேர் மட்டும் சாப்பிடுவதற்கு எதற்கு அண்டாவை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. முதல் இரண்டு ஆல்பத்தைப் பற்றி அவர் சொல்வது ஒரே சொல்தான்: இரைச்சல்.

அந்த இரண்டும் கேசட்டாக மட்டும் வந்தவை. கல்லூரி விடுதிகளில் கை மாறிக் கை மாறி விற்றுத் தீர்ந்தவை. மாமா தன்னிடம் இருந்ததை ஒரு சிடியில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம், "அதெல்லாம் எல்லாருக்கும் புரியாது மாப்ள" என்று சொல்லி எழுந்துவிடுவார். அதைக் கேட்டால் மட்டும் சித்தப்பா காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன். மாமாவிடம் பழைய பாட்டுத்தான் உசத்தி என்பேன், ஐஸ்கிரீம் கிடைக்கும். சித்தப்பா வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து புதுப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடுவேன், பால்கோவா கிடைக்கும். இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். ஏதோ வேண்டுதலால் எட்டு வயது வரை தள்ளிப்போன சடங்கு. திருவாதவூருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் கருப்பசாமி கோயிலில் முதலில் மொட்டை, பிறகு தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்து. எனக்கு ஒரே மாமாதான். அவர் மடி இல்லையென்றால் வேறு மடி கிடையாது.

அம்மா முன்யோசனைக்காரி. இருவரையும் உட்கார வைத்து, விசேஷம் முடியும்வரை நம்மாளுக பேச்சையே எடுக்கக் கூடாது, ரேடியோ செட்டில் சாமி பாட்டு மட்டும்தான் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆனால் அதற்கு முன்பே சித்தப்பா பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் நடிகர் படம் இல்லாமல் காதுகுத்து பிளெக்ஸ் கிடையாது. சித்தப்பா நடிகருக்குப் பதிலாக நம்மாளுகளைப் போட்டுவிட்டார். நடுவில் நான், பக்கத்தில் கும்பிட்டபடி மாமா, நான்கு மூலையிலும் நான்கு பேர். அதுவும் ஆறாவது ஆல்பத்துப் படம். தாடியை மழித்துப் பட்டு ஜிப்பா போட்டுச் சிரித்த படம்.

அன்று காலை எட்டரைக்கெல்லாம் என் தலை மொட்டை. சந்தனம் அப்பிக்கொண்டு, ஆசாரி கொண்டுவந்த கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டையோடு பள்ளிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காதில் சிவப்புக் கல் கம்மல் மினுக்கினால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். என் மானம் மொத்தமும் அந்தக் கம்மலில்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு மாமா சீர்வரிசையோடு வந்தார். வேனிலிருந்து இறங்கி, உறுமியும் தவிலும் முழங்க, தட்டேந்திய பெண்கள் பின்னால் வர, புது வேட்டியில் கம்பீரமாக நடந்து வந்தவர் பிளெக்ஸைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அதையாவது பொறுத்திருப்பார். ரேடியோ செட்காரர், பிளெக்ஸில் இருப்பவர்கள்தான் இந்தக் குடும்பத்துக்குப் பிடித்த ஆட்கள் என்று தானாக முடிவு செய்து, தாய்மாமனை வரவேற்கிற மரியாதையாக அதே ரிங்டோன் பாட்டைப் போட்டுவிட்டார். புளியமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரும் காதல் ரசம் பொழிந்தன.

மாமா உள்ளே வர மாட்டேன் என்று, கோயிலுக்கு வரும் வழியில் இருந்த வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மேளம் நின்றது. தட்டேந்திய பெண்கள் வெயிலில் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா ஓடினாள். கெஞ்சினாள், திட்டினாள், கண்ணைக் கசக்கினாள். சித்தப்பா சத்தியத்தை மீறித் தன்னைச் சபையில் அவமானப்படுத்திவிட்டார் என்று மாமா சாதித்தார். செட்காரன் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று சித்தப்பா இங்கிருந்து கத்தினார். அப்பா வழக்கம்போல யாருக்கோ போன் பேசுவதுபோல் ஒதுங்கினார். சமையல்காரர் முதற்கொண்டு ஆளாளுக்கு நியாயம் சொன்னார்கள். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது, பிறகு அடுத்த மாதம்தான் என்று பூசாரி சொன்னதும் நான் காதைத் தடவிப் பார்த்தேன். ஒரு மாதம். மொட்டை. வெறுங்காது.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். மாமா என்னைப் பார்த்ததும், எந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கும், உண்மையைச் சொல் என்றார். நீங்கள் போடும் பாட்டுத்தான் என்றேன். அந்த நேரத்தில் நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து போய், வேனில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த சிடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதப் போடச் சொல்லு. போட்டாத்தான் உள்ள வருவேன்."

ஓட்டமாக ஓடிச் சித்தப்பாவிடம் நீட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சிடியை வாங்கி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்படியே செட்காரரிடம் கொடுத்தார்.

முதலில் ஒரு கிறீச்சல். புளியமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டதா என்று ஒரு பெரியவர் கேட்டார். பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஆயிற்று, இனி இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளும் என்று நான் அழத் தயாரானபோது, டிரம் இறங்கியது. மெதுவாக, கனமாக, தரையிலிருந்து காலுக்குள் ஏறுகிற அடி. பாலத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த உறுமிக்காரர் தலையை நிமிர்த்தினார். நாலு அடி கேட்டார். பீடியைப் போட்டுவிட்டு உறுமியை இழுத்தார். தவில்காரர் சேர்ந்துகொண்டார். அடி விழுந்ததும் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை, நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேளம் நகர்ந்தால் சீர் நகர வேண்டும். தட்டேந்திய பெண்கள் பின்னால் நடந்தார்கள். பாலத்தில் தனியாக விடப்பட்ட மாமா வேறு வழியில்லாமல் எழுந்து பின்னால் ஓடிவந்தார்.

கோயில் வாசலை அவர்கள் தொட்டபோது, அப்பாவின் அக்காவான எங்கள் பெரிய அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. வருஷா வருஷம் உறுமி அடித்து, வர்ணித்து, வேண்டி அழைத்தால்தான் வருகிற சாமி, அன்று கிட்டார் சத்தத்துக்கு ஒரே குதியில் வந்து இறங்கியது. அத்தை கூந்தலை விரித்து ஆடினாள். அவளைப் பிடிக்கப் போன இருவருக்கும் சாமி வந்தது. இளவட்டங்கள் விசில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். கரண்டியோடு சமையல்காரர் ஆடினார். புழுதி கிளம்பி என் தலைச் சந்தனத்தில் ஒட்டியது. நானும் ஆடினேன். என்ன ஆட்டம்! பாட்டு முடிந்ததும் மறுபடி போடு என்று ஊரே கத்தியது. மூன்று தடவை போட்டார்கள். அத்தை மாமாவின் நெற்றியில் திருநீறு அறைந்து, குறை ஒன்றும் இல்லை, உள்ளே வா என்று வாக்குச் சொன்னாள். செட்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் வந்து, "என்ன படம்ணே இது?" என்று ஆசையாகக் கேட்டார்.

மாமா ஜெயித்தவர்போல இருந்திருக்க வேண்டும். அவர் பாட்டுத்தானே ஓடியது. ஆனால் தன் வீட்டுக்குள் முன்பின் தெரியாதவர்கள் புகுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்ப்பவர்போல, ஆடுகிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தே காலுக்கு என்னை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியைச் சரிபார்த்தார். எனக்கு வாயில் போடச் சர்க்கரைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். ஆடியதில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மாமாவின் பக்கம் சாய்ந்து, சண்டைக் குரலாக இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"இம்புட்டு நாளா இதக் கையில வச்சுக்கிட்டுத்தான் எங்கூடப் பேசுனியா? ஒரு தடவ போட்டுக் காட்டணும்னு தோணலையா மாப்ள?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இரைச்சல், இரைச்சல் என்று சொன்னவர் அந்தப் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லையா? மாமா தலையைக் குனிந்துகொண்டார். என் மாமாவை ஒருவர் மடக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் மாமா கொடுத்திருப்பாரே என்று நான் பதில் சொன்னேன்.

சித்தப்பா என் வாயில் சர்க்கரையைப் போட்டார்.

"கேட்டா, ஒனக்கெல்லாம் இது புரியாதுன்னு சொல்லிருவாகளோன்னுதான் பாப்பா கேக்கல."

ஆசாரி அந்தச் சமயம் பார்த்து ஊசியை இறக்கினார். சுரீரென்றது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் என்னைச் சுற்றியிருந்த மாமாவின் கை இறுகியது. என் மொட்டைத் தலையில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது, அடுத்து இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் மாமா அழுதுகொண்டிருந்தார். சித்தப்பா துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

கத்துவதை மறந்துவிட்டேன். என் காதில் ஒரு பொட்டு ரத்தம் வந்ததற்கு இரண்டு பெரிய ஆண்கள் இப்படி அழுகிறார்களே, என் மேல் எம்புட்டுப் பாசம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வலிக்கவே இல்லை மாமா, அழாதீர்கள் என்று அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மற்ற காதை ஆசாரிப் பக்கம் நானே திருப்பிக் கொடுத்தேன்.