ஏழாவது பாட்டின் கைதட்டல்

கலியபெருமாள் இறந்த செய்தியை நம் ரசிகர் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் படித்தேன். பெரம்பலூரில், கல்லூரி ஆசிரியர் அறையில், முதல் பாடவேளைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். ஆண்டிமடத்தில் மைக்செட் கடை வைத்திருந்த நம் நண்பர் நெஞ்சுவலியால் இன்று காலை காலமானார் என்று நிர்வாகி எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது: 'ராக் இசையில் அவருக்கும் நல்ல ஆர்வம் உண்டு என்று நம் பேராசிரியரே பாராட்டியிருக்கிறார்.' அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அந்தப் பேராசிரியர் நான்தான். அந்த வாக்கியத்தை நான் சொன்னதும் உண்மை. அதைப் பாராட்டு என்று நீங்கள் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருக்கிறீர்கள். கைகூப்புவதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

குழுவில் அண்மையில் சேர்ந்தவர்களுக்காகச் சிலவற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் அயல்நாட்டு ராக் குழு ஒன்றின் ரசிகர்கள். அவர்களுடைய மேடைக் கச்சேரிப் பதிவைப் பற்றி நமக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அந்தப் பதிவில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டலைத்தான் வெட்டி ஏழாவது பாட்டின் முடிவிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே அது மோசடி என்று ஒரு தரப்பு, இல்லை என்று ஒரு தரப்பு. சண்டையைத் தொடங்கிவைத்தது நம் குழுவின் இணையதளத்தில் வந்த என் கட்டுரை. அந்தக் கட்டுரையால்தான் வெளியூர் ரசிகர்களுக்கும் என் பெயர் தெரிந்தது. 'இயற்பியல்காரரின் காது' என்று ஒருவர் எழுதினார். அதை நான் மறுக்கவில்லை.

கலியபெருமாளை முதன்முதலில் பார்த்தது எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில். மேடைக்கு இருபுறமும் ஒலிபெருக்கிகளை அடுக்கிவிட்டு, அவற்றைச் சோதிப்பதற்காகத் தன் கைபேசியிலிருந்து எதையோ போட்டார். நம் ராக் குழுவின் அதே கச்சேரிப் பதிவு. நான் திடுக்கிட்டு அருகில் போனேன்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பாட்டு ஒண்ணும் வெளங்காதுங்க சார்" என்றார் அவர், மிக்சரின் குமிழ்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூட்டத்துச் சத்தத்துக்காகப் போடுறேன். ஸ்டுடியோவுல பாடுனது எந்தப் பொட்டியிலயும் நல்லாத்தான் இருக்கும். ஆயிரம் பேரு கை தட்டுறது நல்ல பொட்டியில மட்டுந்தான் கூட்டமாக் கேக்கும். மத்ததுல எண்ணெச் சட்டி பொரியுற மாதிரி இருக்கும்."

என் கேள்வியில் இருந்த இழிவை அவர் கவனித்தாரா என்று தெரியாது. நான் அன்று கவனிக்கவில்லை. நீங்களும் அதே கேள்வியை அவரிடம் கேட்டிருப்பீர்கள்.

அதன்பின் விடுமுறை நாள்களில் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ் பிடித்து ஆண்டிமடத்துக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. பஸ் நிலையத்தை ஒட்டிய கடை. ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் அமர்வேன். அவர் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒரு நாள், மேடைக்காரர்கள் போடும் பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, "ரெண்டாம் பாட்டு முடியுதுல்ல, அங்க கேளுங்க" என்றார். கேட்டேன். இரண்டு விசில், ஓர் இருமல், ஒரு பெண்ணின் சிரிப்பு. "இப்ப ஏழாம் பாட்டு முடியுறப்ப கேளுங்க." இரண்டு விசில், ஓர் இருமல், அதே பெண்ணின் அதே சிரிப்பு.

நூறு முறைக்கு மேல் அந்தப் பதிவைக் கேட்டவன் நான். அந்தப் பெண் சிரிப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏமாத்திட்டாங்க" என்றேன்.

"இல்லைங்க சார்" என்று அவர் உடனே மறுத்தார். "ஏழுக்கு அப்புறம் கேட்டுப் பாருங்க. கூட்டம் தூரமாப் போயிருக்கும். பாடுறவரு மைக்குல வந்து விழுற சத்தம் மட்டுந்தான் இருக்கு. கூட்டத்துக்குன்னு தொங்கவிட்ட மைக்கு அந்த எடத்துல செத்துப் போச்சு. என்ன பண்ணுவான் ரெக்கார்டு பண்ற அந்த ஆளு? முன்னாடி தட்டுனத எடுத்துப் போட்டிருக்கான்." திருமழபாடிக் கோயில் விழாவைப் பதிவு செய்தபோது டிராக்டர் ஏறிக் கூட்டத்து மைக்கின் ஒயர் அறுந்துபோன கதையையும், தானும் அதையே செய்ததையும் சொன்னார். "சனம் தட்டுனத நான் என் கண்ணால பாத்தேன் சார். சத்தம் பதியலன்னா தட்டலன்னு ஆயிருமா?"

தான் கண்டதை ஒரு திருவிழா நோட்டீஸின் பின்புறம் நிமிடம், நொடிக் கணக்கோடு எழுதிக் கொடுத்தார். கடைசி வரி: 'கூட்ட மைக் இங்கே கட்.'

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு கைதட்டல்களையும் கணினியில் அலைகளாக விரித்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தின. அந்தப் பொருத்தத்தைத் திரையில் பார்த்த கணத்தில், கண்டுபிடித்தவன் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காதால் கேட்டவர் அவர். வரைபடம் போட்டவன் நான். வரைபடம் போட்டவனுக்கே பெயர் என்பது நான் படித்த படிப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் கற்ற பாடம். கட்டுரையில் அவர் பெயர் எங்கும் இல்லை. மைக் செத்துப்போனதும் இல்லை. அதைச் சேர்த்திருந்தால் கட்டுரையின் காரம் குறைந்திருக்கும். 'மோசடி' என்று தலைப்பிட்டேன்.

கட்டுரை வெளிவந்தபின் ஒரு மாதம் ஆண்டிமடம் பக்கம் போகவில்லை. போனபோது அவர் டீ வரவழைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். படம்லாம் போட்டு." சிறிது நேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "மோசடின்னு போட்டுட்டீங்களே. ரெக்கார்டு பண்ண அந்த மைக்குக்காரன் படிச்சா சங்கடப்படுவான்" என்றார்.

"அவன் எங்கே தமிழ் படிக்கப் போகிறான்?" என்றேன் நான்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். தன் பெயரைப் பற்றி ஒரு சொல்கூட அவர் கேட்கவில்லை.

இனி அரியலூர்க் கூட்டம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். மண்டபத்தில் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு விவாதிப்பது என்று நிர்வாகி ஏற்பாடு செய்திருந்தார். ஒலி அமைப்புக்குக் கலியபெருமாளை அழைக்கச் சொன்னது நான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். மேடையில் நின்று 'என்' கண்டுபிடிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மண்டபத்தின் கடைசியில், மிக்சருக்குப் பின்னால் அமர்ந்து, என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்.

கருத்துச் சொல்லும் நேரத்தில் அவர் எழுந்தார். சோதனைக்காக வைத்திருந்த மைக்கை எடுத்துப் பேசினார். "அது பொய்க் கைதட்டு இல்லைங்க. கூட்டத்து மைக்கு செத்துப் போனதால..."

நிர்வாகி முன்வரிசையிலிருந்து திரும்பினார். "அண்ணே, சார் சொன்னதையே நீங்களும் சொல்ல வந்துட்டீங்களா? அந்தப் பக்கத்துப் பொட்டி கூவுது, அதப் பாருங்க மொதல்ல." மண்டபம் சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்துவிட்டு, உண்மையில் கூவவே செய்யாத அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தார். நிர்வாகி என்னிடம், "என்ன சார், உங்க சிஷ்யரா?" என்றார்.

என் கையில் மைக் இருந்தது. 'நான் சொன்னதெல்லாம் அவர் சொன்னது' என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். நானும் நான்கு சொற்கள்தான் சொன்னேன். "அவருக்கும் நல்ல ஆர்வம் உண்டு."

அந்தச் சொற்களும் அவர் அமைத்த ஒலிபெருக்கிகளில் மிகத் தெளிவாகக் கேட்டன.

செய்தி வந்த அன்றே ஆண்டிமடம் போனேன். கடை மூடியிருந்தது. வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை; அவர் தொழிலில் இருந்தவர்கள் மரியாதைக்காகப் பெட்டிகளை வைத்துவிட்டு, ஒலிக்கவிடாமல் நின்றார்கள். அவர் மனைவி செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பெரம்பலூரு சாருங்களா? உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாதுங்க." உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். அதில் என் கட்டுரை, லேமினேட் செய்யப்பட்டு இருந்தது. "வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டுவாரு. நான் கேட்டுச் சொன்னத சாரு எழுதியிருக்காருன்னு."

அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். சுவர் பூசுகிறவர், முந்திரி வியாபாரி, அவருடைய மைத்துனர், எல்லோருக்கும். தெரியாதவர்கள் படித்தவர்களாகிய நீங்கள் மட்டும். உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பிளாஸ்டிக் உறைக்குள், 'மோசடி' என்ற தலைப்பின் குறுக்கே, லேமினேட் செய்வதற்கு முன்பே பால்பாயிண்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து: 'மைக் கட்.' யாரிடமும் சொல்லாமல் அவர் செய்திருந்த ஒரே திருத்தம் அது.

திரும்பியதும், கட்டுரையில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுமாறு நிர்வாகிக்கு எழுதினேன். "போனவரைப் பெருமைப்படுத்த வேறு வழி இருக்கிறது சார், இப்போது எதற்கு இதெல்லாம்" என்று பதில் வந்தது. நிர்வாகி அவர்களே, இது பெருமைப்படுத்துவது அல்ல. எடுத்தவன் திருப்பிக் கொடுப்பது. நீங்கள் மாற்றாவிட்டால், இப்போது நான் எழுதும் இதை அந்தக் கட்டுரையின் கீழே, நீங்கள் நீக்கும் ஒவ்வொரு முறையும் நானே ஒட்டுவேன்.

அவர் எழுதித் தந்த நோட்டீஸ் என்னிடம் இருந்தது. அதைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். விசில்கள் கலியபெருமாளுடையவை. இருமலும் அந்தப் பெண்ணின் சிரிப்பும் அவருடையவை. செத்துப்போன மைக்கும், முகம் தெரியாத ஒரு தொழில்காரனுக்காக அவர் பட்ட சங்கடமும் அவருடையவை. அந்தக் கட்டுரையில் நானாகச் சேர்த்தது தலைப்பு ஒன்றுதான். அதை அவர் அடித்துவிட்டார். நான் அடிக்கப் போவதில்லை. அவரிடமிருந்து பெற்றவற்றை எல்லாம் திருப்பியபின் எனக்கென்று மிஞ்சுவது 'மோசடி' என்ற அந்த ஒரு சொல்; அதை நானே வைத்துக்கொள்கிறேன்.