பீச்சாங்கைச் சுண்டுவிரல்

போனில் விரல் வைக்கிற இடத்தை முடிவு செய்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் யாரும் யாருடைய கையையும் பிடித்து முறுக்கியதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

என் முதல் போனுக்கு அது முதுகில் இருந்தது. சின்னதாக ஒரு வட்டப் பள்ளம். பைக்குள் கைவிட்டால் ஆள்காட்டி விரல் தானாகப் போய் அங்கே உட்காரும். வெளியே எடுப்பதற்குள் போன் திறந்திருக்கும். எனக்கு எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபம் என் புருஷனுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அசந்து தூங்கும்போது, கட்டிலுக்கு வெளியே தொங்கிய என் விரலில் போனைக் கொண்டுவந்து ஒற்றியிருக்கிறான். கன்னத்தில் அறை விழுந்த பிறகுதான் எனக்கு விழிப்பே வந்தது. கூட வேலை செய்கிறவர் ஒருவர் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அதுதான் குற்றம். அந்தப் போன் கிணற்றுக்குப் போயிற்று. ஊருக்கு முன்னால் அவனை நான் 'அவரு' என்றுதான் சொல்வேன். எழுதும்போதாவது அவன் என்று எழுதிக்கொள்கிறேன்.

அடுத்த போனை என் சம்பளத்தில் வாங்கினேன். அதற்குக் கண்ணாடிக்கு அடியில். கடைக்காரர் ஆகா ஓகோ என்றார். அவர் என் கையைப் பார்க்கவில்லை. செங்கம் சாலையில் ஒரு கஃபேயில் எனக்குச் சமையல் வேலை. காலையிலிருந்து கீரை அலசி, பீட்ரூட் சீவி, எலுமிச்சை பிழிந்து, மதியத்துக்குள் வலது கை விரல்கள் ஊறிச் சுருங்கிவிடும். இடது கையில் கத்தி பட்ட கீறலும் அதன்மேல் பிளாஸ்திரியும் எப்போதும் இருக்கும். எந்த விரலை வைத்தாலும் கண்ணாடி என்னை யாரென்றே தெரியாது என்றது. அவனுடைய போனுக்கோ பக்கவாட்டில், பவர் பட்டனிலேயே இருக்கிறது. குடித்துவிட்டு நடுங்குகிற கையைக்கூட அது தடுத்ததில்லை.

ஒவ்வொரு விரலாகப் பதிந்து பார்த்ததில் கடைசியில் ஒன்று தேறியது. இடது கைச் சுண்டுவிரல். காயைப் பிடிக்கும்போது உள்ளே மடங்கி ஒளிந்துகொள்கிற விரல் அது. அதில் வெட்டும் விழாது, தண்ணீரும் அவ்வளவாகப் படாது. மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் போனில்தான் படங்களைச் சேர்த்தேன். முழங்கையில் கன்றிய இடம், உதட்டில் வீக்கம், முதுகில் பெல்ட் தடம். முதுகைக் கண்ணாடி முன்னால் திரும்பி நின்று எடுத்தேன். தைரியம் வருகிற அன்றைக்கு மகளிர் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எண்ணம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு இருப்பது வாயா அது. ஒரு நாள் சாயங்காலம் அவன் தட்டை என்மேல் வீசியபோது, நீ அடித்ததெல்லாம் போனில் இருக்கிறது என்று கத்திவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வருகிற நாள். அன்றைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் விடியும் முன்பே வண்டியை எடுத்துவிடுவார்கள். அவன் தன் ஆட்டோவை எடுக்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே வந்து என் வலது கையைப் பிடித்துத் திண்டின்மேல் அழுத்தினான். நான் திமிறினேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "இவ கையப் புடிமா," என்றான்.

மாமியார் வந்து பிடித்தார். களை பறித்த கை. இரும்புப் பிடி.

கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். போன் ஒரு முறை உறுமியது, திறக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று வரிசையாக வைத்தான். பொருந்தவில்லை, சற்று நேரம் கழித்து முயலவும் என்றது. அந்தச் சற்று நேரத்தை அவன் வீணாக்கவில்லை. பூட்டு நம்பரைச் சொல் என்று தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இரண்டு முறை மோதினான். பிறகு என் விரல்களைத் தன் லுங்கியில் துடைத்து மறுபடி ஆரம்பித்தான். அதே வலது கை. இடது கை பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் நினைக்கவே இல்லை. போனின் முகப்பில் அண்ணாமலையார் படம். சில்லறையைக்கூட வலது கையில்தான் வாங்குகிறவனுக்கு, சாமி படம் வைத்த போனைப் பீச்சாங்கையால் ஒருத்தி திறப்பாள் என்று எப்படித் தோன்றும்?

மாமியாருக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் சீரியல் பார்க்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தொறந்து குடும்மா," என்பவர் அவர். நான் சுண்டுவிரலை வைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இப்போது அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அவர் கண்ணையே பார்த்தேன். சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. கையையும் விடவில்லை.

"வெரலே இல்லன்னா இன்னாத்த வெச்சுத் தொறப்பே?" என்றான். என் ஆள்காட்டி விரலைப் பின்பக்கமாக மடக்கினான். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. வலி கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் போட்ட கூச்சலில் போனைத் தரையில் அடித்தான். அதற்குள் சவாரிக்காரர் ஒருவர் அவன் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். பௌர்ணமி சவாரியை விட அவனுக்கு மனமில்லை. போய்விட்டான்.

போனைப் பொறுக்கினேன். மேல் மூலையிலிருந்து கண்ணாடி விரிசல் விட்டு, விரல் வைக்கிற வட்டத்துக்குச் சற்று மேலே நின்றிருந்தது. இடது கைச் சுண்டுவிரலை வைத்தேன். முதல் தடவையிலேயே திறந்தது. படங்கள் எல்லாம் இருந்தன. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

மாமியார் வாசல்படி அருகே நின்றிருந்தார். "நான் சொல்லலல்ல," என்றார் மெதுவாக. நன்றி எதிர்பார்க்கிற குரல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மியைத் தூக்கித் தலையில் போடலாமா என்றுகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

"கைய வுடவும் இல்லியே அத்த," என்றேன்.

கிரிவலத்துக்காக வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வேங்கிக்காலிலிருந்து மகளிர் ஸ்டேஷனுக்கு நடந்தேதான் போனேன். எதிரே செருப்பில்லாமல் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்ததால் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் வழி விட்டார்கள். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஸ்டேஷனில் ஒரு அதிகாரி அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆள் கூப்பிட்டார். பிறகு என் கையை வெளிச்சத்தில் திருப்பினார். மணிக்கட்டில் நாலு விரலும் கட்டைவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"இதுவும் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். அந்தப் படங்கள் இன்றைக்கு அங்கே இருப்பது அந்தப் பொம்பளை வாய் திறக்காததால்தான். விரல் ஒடிந்தது அவர் பிடி தளராததால்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவர். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றும் இருந்தது, காப்பாற்றவே கூடாது என்றும் இருந்தது.

"எங்க அத்தையோட வெரலுங்க," என்றேன். "அவங்கதான் புடிச்சிக்கினாங்க. எந்த வெரல்னு தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல. ரெண்டையும் எழுதிக்கோங்க."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எதை முதலில் எழுதட்டும் என்று கேட்டார்.

"புடிச்சத எழுதுங்க," என்றேன்.