டை கட்டிக்கொண்டு தொட்டியில் படுத்தவன்

குளியலறைச் சாமான் விற்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டை கட்டிக்கொண்டு செய்து காட்ட வேண்டும். ஜவுளிக்கடையில் கூறைச்சேலையைத் தன் தோளிலேயே போட்டு முந்தானையை விரித்துக் காட்டுகிற சகோதரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீளத்துக்குக் கிடைத்த வேலை

பினாங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. கீழே கடை, மேலே ஆபீஸ். மேலே கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, காலியிருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சர்ட்டிபிகேட்டுகளோடு போனேன். துரை அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். ஐந்தடி நாலங்குலம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கப்பலில் மூன்று குளியல் தொட்டிகள் வந்து இறங்கியிருந்தன. வார்ப்பிரும்பில் செய்து வெள்ளைப் பூச்சுப் பூசி, சிங்கத்தின் கால் மாதிரி நாலு கால் வைத்தவை. ஊர்க்காரர்களுக்குத் தொட்டியைப் பழக்கிவிட வேண்டும் என்பது துரையின் ஆசை. அதற்கு, உள்ளே படுத்தால் தலையும் காலும் அடங்குகிற ஆள் தேவைப்பட்டது. எனக்கு முன்னால் வந்தவர் பெரிய படிப்பாளி, ஆனால் முழங்கால் வெளியே நின்றதாம்.

கடையில் தண்ணீர் இணைப்புக் கிடையாது, தரை நனைந்தால் துரைக்குப் பிடிக்காது. ஆகவே நான் கோட்டும் டையுமாக, சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, வெறும் தொட்டியில் படுத்து வெறும் கையைத் தேய்ப்பேன். ஷவர் கேட்டு வருகிறவர்களுக்கு, தண்ணீர் வராத ஷவரின் கீழ் நின்று வறண்ட தலையைத் தேய்ப்பேன். இதில் எனக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. அந்த மாதம்தான் டத்தோ கிராமாட் பகுதியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வைத்திலிங்கம் அரசாங்க ஆபீஸில் பெரிய கிளாக்கர். எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு மாப்பிள்ளை என்றால் மேசை, நாற்காலி, மைப்புட்டி மூன்றும் வேண்டும். தரகர் மூன்றும் எனக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார். கலியாணத்துக்குள் மேசைக்குப் போகாவிட்டால் பெண் போய்விடும். துரையிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "மூன்று தொட்டியும் போகட்டும், மேலே மேசை தருகிறேன். அதுவரை படு. சிரித்துக்கொண்டு படு."

மூன்று கும்பிடு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு, கண் சொக்கிவிடும். அப்படி ஒரு நாள் கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்துக்கொண்டு அயர்ந்துவிட்டேன். ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், தன் வயதான அம்மாவோடு உள்ளே வந்திருக்கிறார். அந்த அம்மா கண்டது நீளமான ஒரு பெட்டி, அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு வாலிபன், மூடிய கண். தொட்டியின் கால்மாட்டில் நின்று மரியாதையாக மூன்று முறை குனிந்து கும்பிட்டார்.

மூன்றாவது கும்பிடில் நான் விழித்துவிட்டேன். வாடிக்கையாளரைக் கண்டால் எழுந்து உட்கார்ந்து "குட் ஆப்டர்நூன்" சொல்ல வேண்டும் என்பது துரையின் உத்தரவு. அதன்படியே செய்தேன். அந்த அம்மாவை டிராம் பாதையருகில் பிடித்து, தண்ணீர் கொடுத்து, நான் உயிரோடிருக்கிறேன் என்று நம்ப வைக்கக் கால் மணி நேரம் ஆனது. என் கையைக் கிள்ளிப் பார்த்துத்தான் நம்பினார். தவுக்கே நல்ல மனிதர், கோபிக்கவில்லை. சாமான் வாங்காமலும் போகவில்லை. ஷவரைக் காட்டி மலாயில் சொன்னார்: "படுக்கிறது வேண்டாம் லா. நிக்கிறதைக் கொடு. நிக்கிறவனைப் பார்த்து யாரும் கும்பிட மாட்டாங்க."

எங்கே நிறுத்துவது?

அடுத்து வந்தவர் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார், தொட்டியா ஷவரா என்று முடிவெடுக்க வேண்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் படுத்துக் குளிப்பதை முழுக்கப் பார்த்தார். பிறகு விசாரணை தொடங்கியது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு இதில் இறங்கினால் எண்ணெய் எங்கே போகும்? தண்ணீரில் மிதக்கும் என்றேன். ஆள் எங்கே இருப்பான்? அதே தண்ணீரில் இருப்பான் என்றேன். அப்படியானால் உடம்பிலிருந்து போன அழுக்கு திரும்பவும் உடம்புக்குத்தானே வரும் என்றார். துரையின் உத்தரவுப்படி நான் சிரித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போ ஷவர்தான் சரி என்று நானே எழுந்துபோய் ஷவரின் கீழ் நின்றேன். அதையும் பொறுமையாகப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு, தன் வாப்பா இருபது செம்பு ஊற்றுவார், தான் முப்பது என்றார். நானும் வீட்டில் சாடித் தண்ணீரைப் பால்டின்னால் மொண்டு எண்ணித்தான் ஊற்றிக்கொள்வேன், ஆகவே அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. கடைசியில் தொட்டியைத்தான் வாங்கினார். உள்ளே இறங்குவதற்கு இல்லை. நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, வெளியே நின்று மொண்டு ஊற்றிக்கொள்ள. ஷவர் ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணத்துக்கு இதுவரை எந்த இஞ்சினியரிடமும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை: "செம்புன்னா முப்பதோட முடிஞ்சிரும் தம்பி. இது பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும். இதுல மனுசன் எங்கே நிறுத்துறது?"

படியில் நின்ற தொட்டி

இரண்டாவது தொட்டி ஒரு வக்கீல் வீட்டு மாடிக்குப் போனது. அவருக்கு ஷவர்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாடிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறுவது அதன் இஷ்டம், ஷவரைத் திறந்தால் மூன்று சொட்டு விழுந்து நாலாவதற்கு யோசிக்கும். தொட்டி என்றால் விடிய விடியச் சொட்டியாவது நிறைந்துவிடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். யோசனை சரி. மரப்படியின் அகலத்தை நான் அளக்கவில்லை. எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், படி திரும்புகிற இடத்தில் தொட்டி சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வக்கீலும் மனைவியும் பிள்ளைகளும் ஒல்லி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து போய்வந்தார்கள். இரண்டாம் நாள் பார்த்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகங்களை அதற்குள் வைத்திருந்தார்கள்.

தொட்டி திரும்பி வந்தால் விற்ற கணக்கில் சேராது, மேசை போய்விடும், மேசையோடு டத்தோ கிராமாட்டும் போய்விடும். மூன்றாம் நாள் ஒரு தச்சனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். படியின் கைப்பிடியைக் கழற்றினால் ஒரு மணி நேரத்தில் தூக்கிவிடலாம் என்றான் அவன். வக்கீல் எங்களை வாசலிலேயே மடக்கினார். விஷயம் என்னவென்றால், வக்கீல் மனைவியின் அண்ணன் தைப்பூசத்துக்கு என்று வந்தவர் ஆறு மாதமாகப் போகவில்லை. அவர் படுக்கை மாடியில். கனத்த சரீரம், தொட்டியைத் தாண்டி ஏற முடியவில்லை. இரண்டு நாளாக ஆயர் ஈத்தாமில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கிக்கொண்டு, ஊருக்குக் கப்பல் எப்போது என்று விசாரிக்கிறாராம். வக்கீல் தச்சன் கையில் வெற்றிலையை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவசரமே இல்ல லா தம்பி. மச்சான் டிக்கெட் எடுத்துட்டாருன்னு தெரிஞ்சதும் நானே ஆள் அனுப்புறேன்."

இரண்டு பேர் தொட்டி

மிச்சம் ஒரே ஒரு தொட்டி. கலியாணத்துக்கு மூன்று வாரம். அன்று துரை தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் தொட்டியை இழுத்துப் போடச் செய்து என்னைப் படுக்க வைத்திருந்தார். நான் வெறும் கையை வெறும் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே பெரிய கிளாக்கர் வைத்திலிங்கம். மகளுக்குக் கொடுக்கப்போகும் வீட்டில் குளியலறை கட்டிக்கொண்டிருந்தார், மனைவி ஷவர் என்கிறாள், மகள் தொட்டி என்கிறாள் என்று பார்த்துப்போக வந்தவர். என்னைப் பார்த்தார். எழுந்து ஓடலாம் என்றால் சப்பாத்து இரண்டும் வாசல் பக்கம் இருந்தன.

உள்ளே வந்தார். துரையிடம் நல்ல இங்கிலீஷில் காலை வணக்கம் சொன்னார். குடையை மடக்கி வைத்தார். சப்பாத்தைக் கழற்றி என் சப்பாத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். பிறகு கோட்டுப் பித்தானைத் தளர்த்திக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, என் கால்மாட்டில் எனக்கு எதிராக உட்கார்ந்தார். நான் காலை மடக்கிக்கொண்டேன். சாமானைச் சோதிக்கிற வாடிக்கையாளர் என்று துரை பூரித்துப்போய் நின்றார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மாமனார் மருமகன் பேச்சு எத்தனையோ இடத்தில் நடந்திருக்கும், எங்களுடையது இப்படி முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு நடந்தது. கம்பெனியில் உமக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். இதுதான் என்றேன். மேசை இல்லையா என்றார். இல்லை, தரகர் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. இந்த வேலைக்கு மாதாமாதம் சரியாகச் சம்பளம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். தொட்டியின் விளிம்பில் மெல்லச் சாய்ந்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், பொறாமை மாதிரி ஏதோ தெரிந்தது. "முப்பது வருசமா நான் துரைக்கு முன்னால நிண்டுகொண்டுதான் சம்பளம் எடுக்கிறன் தம்பி. படுத்துக்கிடந்து சம்பளம் எடுக்கிற மருமோன் ஆருக்கு வாய்க்கும்?"

மேசை

அந்தத் தொட்டியை அவரே வாங்கினார். மூன்றும் போய்விட்டன. துரை சொன்ன சொல் தவறாதவர், மறு வாரமே மேலே எனக்கு மேசை, நாற்காலி, மைப்புட்டி மூன்றும் வந்துவிட்டன. அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. துரை மாடிக்கு வந்தால் கிராணிகள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அவர் இறங்கிப் போகும்வரை உட்காரக் கூடாது. அவரோ நாள் முழுக்க மாடியில்தான் இருப்பார்.

நல்ல செய்தியை உடனே சொல்ல வேண்டும் என்று டத்தோ கிராமாட்டுக்கு ஓடினேன். நீங்கள் வாங்கிய தொட்டியால்தான் எனக்கு உத்தியோக உயர்வு, இனி நான் அசல் கிராணி, நீங்கள் யாருக்கும் தலைகுனிய வேண்டாம் என்றேன். மாமா சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த கோப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தார். பிறகு, தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்ட மனிதனின் குரலில் கேட்டார்: "அப்ப இனி நீரும் நிண்டுகொண்டுதானோ?"

ஊராருக்கெல்லாம் படுத்தும் நின்றும் குளித்துக் காட்டிய நான், சீதனமாக வந்த அந்தத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே நின்று, பால்டின்னால் மொண்டு, முப்பது வரை எண்ணித்தான் இன்றைக்கும் குளிக்கிறேன்.