நேராகப் போங்கள்

சான் மார்க்கோ சதுக்கத்து மணிக்கோபுரத்தில் லிஃப்டை இயக்குகிறவள் நீவெஸ். கல்யாணமான வருஷம் அந்த வேலையில் சேர்ந்தாள். புருஷன் எர்மெஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் அல்வீசே வளர்ந்து, தூரினுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவள் மட்டும் அதே பெட்டிக்குள் நின்று ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தாள். வெனிஸ் பார்க்க வருகிறவர்கள் ஏறும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். இறங்கும்போது அநேகமாகப் பேச்சு இருக்காது. நல்ல தூக்கத்திலிருந்து எழுந்து, எந்த வீட்டில் படுத்தோம் என்று யோசிக்கிறவர்களைப் போலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த முகங்களுக்காகத்தான் வேலைக்கு வருகிறேன் என்று டிக்கெட் கொடுக்கும் ஜில்தோவிடம் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போதெல்லாம் அவன் ஆரம்பித்துவிடுவான்.

"உனக்கு எதுக்கு ரொட்டி? நீதான் மூஞ்சியப் பாத்தே வயித்த ரொப்பிக்கிறவளாச்சே."

நவம்பரில் அல்வீசே போன் செய்தான். ஊரிலேயே, கடற்கழி நீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. வருவதா வேண்டாமா என்பது டெல்ஃபீனா கையில் இருந்தது. டெல்ஃபீனா அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். தூரினிலேயே பிறந்து வளர்ந்தவள், வெனிசைப் பார்த்ததே கிடையாது. தனியாக வந்து ஊரைப் பார்ப்பாளாம். பிடித்தால் இரண்டு பேரும் இங்கே குடிவருவார்களாம், பிடிக்காவிட்டால் தூரினேதானாம். வியாழக்கிழமை காலையில் வந்திறங்கி, பத்து மணிக்கெல்லாம் கோபுரத்துக்கு வந்து அவளைப் பார்ப்பாள் என்றான்.

"விழுந்து விழுந்து எதையும் காட்டாதம்மா. அவ பாட்டுக்குப் பாக்கட்டும்."

"நான் என்னத்தக் காட்டப்போறேன். ஊரு அதும்பாட்டுக்கு இருக்கு."

சொன்னாளே தவிர, போனை வைத்த நிமிஷத்திலிருந்து மனதுக்குள் ஊரைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எந்த நேரத்து வெயில் சலூத்தே கோயில் கும்மட்டத்தின் மேல் அழகாக விழும், எந்த மூலையில் நின்றால் தூரத்துப் பனிமலைகள் தெரியும் என்று மேலே போகும்போதெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனித்தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிற அலுப்பு அவளுக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. மகன் வரவேண்டும். அதற்கு அந்தப் பெண்ணுக்கு ஊர் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஊரையே காணவில்லை.

இரவோடு இரவாக வந்த மூடுபனி கால்வாய்களை நிரப்பி, பாலங்களைப் பாதியில் அறுத்து, எதிர்வீட்டுச் சன்னலைக்கூட அழித்து வைத்திருந்தது. கீழே துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது. சத்தம் மெதுவாக வந்து, மெதுவாகப் போயிற்று. படகு மட்டும் கண்ணில் படவே இல்லை. "வேற நாளே கெடைக்கலயா ஒனக்கு" என்று பனியைத் திட்டிவிட்டு, சிவப்புக் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நீவெஸ் மீன் சந்தைக்கு ஓடினாள். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் வயிற்றுக்காவது கிடைக்கட்டும். சாம்பல் நிறத்துப் பொடி இறாலைப் பொரித்து, சுடச்சுட சோளக்களியின் மேல் கொட்டி வைத்தால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் இளகிவிடுவார். எர்மெஸ் அப்படித்தான் இளகுவார்.

சந்தையிலிருந்து திரும்பி வரும்போது, சாந்தி அப்போஸ்தொலி கோயில் வாசலில், பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சான் மார்க்கோவுக்கு வழி கேட்டது. பச்சைத் தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு மூக்கு நுனி. அவ்வளவுதான். இறால் பை கனமாக இருந்தது, வேலைக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. நீவெஸ் நடையை நிறுத்தவில்லை.

"நேராப் போங்க, நேரா."

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். சந்து வளைந்தால் கூடவே வளைய வேண்டும், சுவர் மறித்தால் பக்கத்து இடுக்கில் நுழைய வேண்டும், பாலம் வந்தால் ஏறி இறங்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஜனம் போகிற பக்கம் போக வேண்டும். இத்தனையும் அவர்களுக்கு நேராகப் போவதுதான். சொல்கிறவர்களுக்கு இதில் வேடிக்கை இருப்பதே தெரியாது.

பத்து மணிக்கு நீவெஸ் கோபுரத்துக்கு வந்தபோது சதுக்கத்தில் புறாக்களின் சத்தம் மட்டும் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கோபுரம் ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் செங்கலாகக் கரைந்து போயிருந்தது.

"மருமகளுக்குக் காட்டறதுக்கு நல்ல நாளாப் பாத்த" என்றான் ஜில்தோ.

பதினொன்றாயிற்று. டெல்ஃபீனா வரவில்லை. ஒரு முறை யாருமில்லாமலே மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பஞ்சுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பெண் ரயிலை விட்டு இறங்கி, இதென்ன ஊர் என்று அடுத்த ரயிலில் திரும்பிப் போயிருப்பாள் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பச்சைத் தொப்பி நின்றது. அதற்குக் கீழே அதே மூக்கு.

நீவெஸின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. சால்வையைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க, ரொம்ப லேட்டாயிருச்சு" என்றாள் டெல்ஃபீனா. காலணிகள் நனைந்து சொதசொதவென்றிருந்தன. "போன்ல பாத்தா நான் கால்வாய்க்கு நடுவுல நிக்கிறதாக் காட்டுச்சு. சரின்னு ஒருத்தங்ககிட்ட கேட்டேன். சிவப்புச் சால்வை, பக்கத்துல வந்தா மீன் வாசனை. நேராப் போன்னாங்க. நேராவே போனேன். தண்ணி வந்துருச்சு."

"சிலபேரு அப்படித்தான். பொறுப்பே கிடையாது" என்றாள் நீவெஸ்.

"ஆமாமா. இந்த ஊர்ல சிவப்புச் சால்வைக்காரிகள நம்பவே கூடாது" என்று ஜில்தோ டிக்கெட் சன்னலுக்குள் குனிந்துகொண்டான்.

லிஃப்ட் ஏறியது. டெல்ஃபீனா பேசிக்கொண்டே வந்தாள். தூரினில் நேர் என்றால் நேர்தான், தெருக்கோடியில் மலை தெரியும் வரை கால் திரும்பாமல் நடக்கலாம். அந்தப் பழக்கத்தில் நடந்து நடந்து தரை முடிகிற இடத்துக்கே போய்விட்டாளாம். கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கின, அதற்கு அப்பால் உலகமே இல்லை. அங்கே நின்றுகொண்டிருந்தபோது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகு வந்ததாம், முழுக்கப் பூ. பூக்களுக்கு நடுவில் ஒரு பெட்டி. கல்லறைத் தீவுக்குப் போகிற படகு என்று பிறகுதான் புரிந்ததாம். அது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் மறைந்தது. குளிர் தாங்காமல் பக்கத்திலிருந்த கோயிலுக்குள் நுழைந்தால், சுவரெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பட்டுத்துணி, பிரசங்க மேடையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை. ஈரக்கையைத் துடைக்கலாமா என்று கெட்ட புத்தி வந்து தொட்டுப் பார்த்தாளாம். அத்தனையும் கல்.

மேலே எதுவும் தெரியவில்லை. நாலு பக்கமும் வெள்ளை. நீவெஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் சலூத்தே கோயில், இந்தப் பக்கம் மலை என்று கையை நீட்டிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"நல்ல வெயில்லயும் இங்கேருந்து ஒரு கால்வாய்கூட சரியாத் தெரியாது. எல்லாரும் கால்வாய் எங்கன்னுதான் கேப்பாங்க. வெறும் ஓட்டுக்கூரைதான் தெரியும்" என்றாள். பாதி ஆறுதல், பாதி உண்மை.

"அப்ப நான் ஒண்ணும் விட்டுடல" என்றாள் டெல்ஃபீனா.

அப்போது தலைக்கு மேல் பெரிய மணி மத்தியானம் அடித்தது. நீவெஸ் பழக்கமாகக் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் பொத்தவில்லை. கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மணி ஓய்ந்த பிறகும் ஓசை பனிக்குள் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு படகு ஊதியது, இன்னொன்று பதில் ஊதியது.

இறங்கும்போது இருவரும் பேசவில்லை. லிஃப்ட் பாதி வழியில் இருக்கும்போது நீவெஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள். டெல்ஃபீனா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள், எந்த வீட்டில் படுத்தோம் என்று யோசிக்கிறவளைப் போல.

கதவு திறந்தது.

"இங்க ரப்பர் பூட்ஸ் எங்க நல்லாக் கிடைக்கும்?"

"இன்னிக்குப் போட்டுக்கவா?"

"இன்னிக்கும்தான். ஒவ்வொரு குளிருக்கும் வேணுமில்ல?"

நீவெஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கடைப் பக்கம் கையைத் தூக்கினாள்.

"அதோ, நேரா..."

டெல்ஃபீனா அவள் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு நுனியைப் பிடித்து இழுத்தாள். சால்வை முழுதாக வெளியே வந்தது, கொஞ்சம் மீன் வாசனையோடு. அதை உதறி, நீவெஸின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"வேண்டாம், நீங்களே கூட வாங்க."

ஜில்தோ லிஃப்ட் சாவிக்காகக் கையை நீட்டினான்.