ஒரு சைஸ் சிறிய ஷூ

நான் விற்றது ஒரு பெண்ணின் வலியை. உழைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தவனும் நான்தான்.

அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏகாம்பரநாதர் கோயில் மதிலை ஒட்டி விடியற்காலையில் ஒரு பெண் ஓடி வருவாள். பல்லைக் கடித்த அவள் முகம் திரை முழுக்க நிறையும். கீழே நான் எழுதிய வாசகம்: 'வலிக்கட்டும். ஓடு!' புல்லரித்தது என்றீர்கள்... உங்களைப் புல்லரிக்க வைத்தது ஒரு சைஸ் சிறிய ஷூ.

அவள் பெயர் தேன்மொழி. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக்காரி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுபவள். நடிகை வேண்டாம், நிஜமாக உழைக்கிற பெண் வேண்டும் என்று விளையாட்டு உடைக் கம்பெனி கேட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவன் அல்லவா நான்! 'எங்கள் ஊரிலேயே இருக்கிறாள்' என்று மார்தட்டிக்கொண்டு அழைத்து வந்தேன்.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் கழித்து அவளுக்கு மாநில அணித் தேர்வு. தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரிப் படிப்பு. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் கடைக்கு வராத ஷூவைப் படம் பிடிக்க ஒரே ஒரு ஜோடிதான் அனுப்புவார்கள். மாடல்களுக்கு அது கடித்தாலும் பரவாயில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் கட் சொல்லிவிடுவோம். தேன்மொழி நிஜமாகவே ஓடினாள்.

மூன்றாவது முறை ஓடி வந்து நின்றாள். "அண்ணா, ஷூ விரல இடிக்குதுண்ணா. என்னோட பழைய ஷூவப் போட்டுக்கினு ஓடட்டுமா?"

அது வேறு கம்பெனி ஷூ. எப்படிச் சம்மதிப்பேன்? "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இன்னும் ஒரே ஒரு தடவ" என்றேன். அதையே பதினோரு தடவை சொன்னேன்!

ஏன் நிறுத்தவில்லை? மானிட்டரில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன்... அப்படியொரு முகம் எந்த நடிகைக்கும் வராது. அது எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரர் என் தோளைத் தட்டி, "இதான் சார் ஹார்ட் வொர்க்!" என்றார். நான் தலையாட்டினேன். பாவி!

ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் நுனி சிவந்திருந்தது. கட்டைவிரல் நகம் பெயர்ந்து நின்றது. பிளாஸ்திரி ஒட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். தேர்வு நாளன்று மூன்றாவது சுற்றில் நொண்டி நொண்டி வெளியேறினாள்.

இப்போது அவளுக்குப் பட்டுக்கடையில் வேலை. போன மாதம் என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனேன், எதிரில் அவள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டித் தொலைக்கட்டும் என்று ஏங்கினேன். அவள் சிரித்தாள்.

"நாந்தாண்ணா சரியா உழைக்கல. நகம் பேந்ததுக்கே நின்னுட்டேன் பாருங்க. வெளம்பரத்துல போட்டிருக்குதில்ல... இன்னும் கொஞ்சம் வலியத் தாங்கிக்கினு ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

ஐயோ, அதை அவளும் நம்பிவிட்டாளே! உன் உழைப்பில் குறையில்லை, அந்த வாசகம் பொய், தெரிந்தே உன்னை ஓடவிட்டவன் நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது...

"அந்த மாம்பழக் கலரக் காட்டும்மா" என்றேன்.

எடுக்க எழுந்தாள். வெறுங்கால். நகம் மறுபடி முளைத்திருந்தது, கோணலாக.